அப்பாவுக்குக் கால் வலித்த வருஷம்

என் தங்கத்துக்கு,

உன்னோடு போன் பேசி வைத்த கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு நீ உன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாய். காகிதம் வந்தால் படித்துத்தானே ஆக வேண்டும். உன் அப்பா எதிரில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "இன்னா இது, யாருக்கு இவ்ளோ பெரிய காயிதம்? சென்னைக்கா? பஸ் ஏறுனா மூணு மணி நேரத்துல நேராவே திட்டிட்டு வந்துடலாம் இல்ல?" என்றார். திட்டப் போவதில்லை என்று சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை.

நீ கேட்டதை முதலில் எழுதிவிடுகிறேன், அப்புறம் நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்லக் கூடாது. அடுத்த மாதம் சென்னையில் நடக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கு நீயும் என் மருமகள் தேன்மொழியும் பேர் கொடுத்திருக்கிறீர்கள். நீ வருஷா வருஷம் ஓடுகிறவன், அவளுக்கு இதுதான் முதல் தடவை. பாப்பா இன்னும் பால்குடி மறக்காத பிள்ளை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடினால் பிள்ளையை யார் பார்ப்பது? "அம்மா, நீ சொன்னா அவ கேப்பா. அடுத்த வருஷம் ஓடட்டும்னு பக்குவமா சொல்லு. இல்லன்னா நீ வந்து அன்னிக்கு ஒரு நாள் பாப்பாவப் பார்த்துக்கோ" என்றாய். இரண்டில் ஒன்று. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். யோசித்தாகிவிட்டது. ஆனால் பதிலுக்கு முன்னால் உனக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். அந்தக் கதையில் நீயும் இருந்தாய். அழுதுகொண்டிருந்தாய்.

நீ ஓட ஆரம்பித்த நாளிலிருந்து உன் அப்பாவைக் கேலி செய்வதற்கு என்றே ஒரு விஷயம் வைத்திருக்கிறாய். "ஷோகேஸ் பூரா ரெண்டாம் பரிசு. ஜெயிக்க வேண்டிய வருஷத்துல கால் வலிக்குதுன்னு கழண்டுக்கிட்டாரு" என்று. அவரும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொள்வார். போன பொங்கலுக்கு உன் மாமனார் வீட்டு ஆட்கள் முன்னாலும் சொன்னாய். அப்போதே எனக்கு வாய் நமநமவென்று இருந்தது. அவர் கண்ணைக் காட்டினார், அடங்கிவிட்டேன். இன்றைக்கு அவர் கண்ணைக் காட்டினாலும் நான் காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் இந்த ஊரில் ஓட்டம் எப்படிப் பிடித்தது என்று உனக்குத் தெரியாது. எழுபதுகளின் கடைசியில், நான் கல்யாணமாகி முதலியார்பேட்டைக்கு வந்த புதிதில், ஒரு காய்ச்சல் மாதிரி பரவியது. மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் சீட்டாடுவதை விட்டுவிட்டுக் கடற்கரையில் ஓடினார்கள். தெருவுக்குத் தெரு மன்றம், மன்றத்துக்கு மன்றம் ஓட்டப் பந்தயம். இன்றைக்கு நீங்கள் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் நீ எவ்வளவு தூரம் ஓடினாய், எத்தனை முறை மூச்சுவிட்டாய் என்று ஒப்பிக்கிறது. அன்றைக்குத் தூரம் அளப்பதே ஒரு திருவிழா. ஒரு சைக்கிளின் முன்சக்கரத்தில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள், ஒருவர் தள்ளிக்கொண்டு போக, இன்னொருவர் துணி மேலே வரும்போதெல்லாம் எண்ணிக்கொண்டு வருவார். நடுவில் எவனாவது "இன்னா மாமா, எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டால் எண்ணிக்கை போச்சு, மறுபடி முதலிலிருந்து தள்ள வேண்டும். ஓட்டத்தைத் தொடங்கிவைக்கத் துப்பாக்கிக்கு எங்கே போவது? தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்த அணுகுண்டு வெடிதான். ஒரு தடவை அது நமுத்துப்போய்ப் புஸ்ஸென்று போக, பாதிப் பேர் ஓடினார்கள், பாதிப் பேர் நின்று சண்டை போட்டார்கள்.

ஓடுகிறவர்களுக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம். பச்சை முட்டை குடி, பழைய சோற்றுத் தண்ணீர் குடி, நாக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடு. எல்லோரும் சேர்ந்து நம்பியது ஒன்றுதான், ஓடும்போது தண்ணீர் மட்டும் தொடக் கூடாது, தொட்டால் விலா பிடித்துக்கொள்ளும். ஆட்கள் மயங்கி விழுவார்கள், விழுந்த பிறகுதான் தண்ணீர் கொடுப்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுவந்த சொல்தாக்கள் காலையில் கடற்கரையில் நடக்க வருவார்கள். அவர்கள் கைத்தடியைத் தூக்கி "அலே! அலே!" என்று கத்துவார்கள். 'ஓடு, ஓடு' என்று அர்த்தமாம். அது நம் பையன்களுக்குத் தெரியாது, ஆனால் கேட்டால் கால் தானாக வேகம் பிடிக்கும். உன் அப்பாவுக்கும்தான்.

உன் அப்பா அழகாக ஓடுவார். நான் அவர் பெண்டாட்டி என்பதற்காகச் சொல்லவில்லை, ஊரே சொல்லும். தறி ஓட்டிவிட்டு வந்து, முகத்தில் பஞ்சு ஒட்டியது ஒட்டியபடியே குருசுக்குப்பம் வரைக்கும் ஓடிவிட்டு வருவார். நான் சைக்கிளில் பின்னால் போவேன். ஒரு நாள் செயின் அறுந்துபோய்விட்டது. சைக்கிளை ஒரு படகின்மேல் சாய்த்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் கூடவே ஓடினேன். விளையாட்டுக்குத்தான் ஓடினேன். ஆனால் நின்ற இடத்தில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அடப்பாவி, உனக்கு மூச்சே வாங்கல" என்றார். அன்றைக்கு என் உடம்பு எனக்கே புதிதாக இருந்தது. சமைக்கவும் துவைக்கவும் இருக்கிற உடம்பு என்று நினைத்திருந்தேன், அதற்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது. அதிலிருந்து தினமும் இருட்டு பிரிவதற்குள் இரண்டு பேரும் ஓடினோம். அப்புறம் நீ வயிற்றில் வந்தாய். நின்றேன். நீ தவழ ஆரம்பித்ததும் மறுபடி ஓடினேன், அவர் உன்னைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் நான், நான் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் அவர்.

டெல்லியில் ஆசிய விளையாட்டு நடந்தபோது தெருவில் ஒரே வீட்டில்தான் டிவி. ஆளுயரத்துக்கு மேல் ஏரியல் கட்டியும் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். அந்தப் புள்ளிகளுக்குள் பெண்கள் ஓடினதைத் தெருவே பார்த்தது. அதற்கப்புறம்தான் நம் ஊரிலும் பெண்களுக்கு ஒரு பந்தயம் வைக்கலாம் என்று மன்றத்துக்காரர்களுக்குத் தோன்றியது. சுதந்திர தினத்தை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆண்களுக்குக் காலையில், பெண்களுக்குச் சாயந்திரம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பேர் கொடுத்துவிட்டு வந்தவர் உன் அப்பாதான். என்னிடம் கேட்கக்கூட இல்லை.

அந்த வருஷம் அவருடைய வருஷம். அதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அவரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தவர் ஒரு வில்லியனூர்க்காரர். அவர் குடும்பத்துக்குப் பிரெஞ்சுப் பிரஜா உரிமை இருந்தது, அந்தக் கோடையில் அவர் பிரான்சுக்கே போய்விட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. முதல் பரிசு உன் அப்பாவுக்குத்தான் என்று மில்லில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். தறிச் சத்தத்துக்கு நடுவில் அவர் பாட்டுப் பாடியதாக ஆட்கள் வந்து சொன்னார்கள். அவருக்குப் பாட வராது என்பது உனக்குத் தெரியும்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் ஆட்டோவில் மைக் கட்டி ஒரு திருத்தம் சொல்லிக்கொண்டு போனார்கள். பரிசு கொடுக்க வருகிற பெரிய மனிதருக்குச் சாயந்திரம் வேறு ஊரில் வேலையாம், அதனால் ஆண், பெண் இரண்டு பந்தயமும் காலையிலேயே, ஐந்து நிமிஷ இடைவெளியில் ஒன்றன் பின் ஒன்றாகப் புறப்படும். நான் வாசலில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன். கேட்டதுமே உன்னைத்தான் பார்த்தேன். அப்போது நீ இன்னும் நடக்கவில்லை. ஆள் முகம் பார்த்து அழுகிற பருவம். எங்கள் இரண்டு பேரைத் தவிர யார் தூக்கினாலும் முகம் நீலம் பாரிக்கும்வரை கத்துவாய். பக்கத்து வீட்டு ஜெயாக்கா ஐந்து பெற்றவள், அவளே உன்னை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தா புடிடி உன் ராசாவ, என் காது போச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆக, எங்களில் ஒருவர்தான் ஓட முடியும்.

உன் அப்பா அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னார், "நீ அடுத்த வருஷம் ஓடு." ஆமாம் கண்ணு, அதே வார்த்தைதான். நீ போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்ததற்குக் காரணம் அதுதான். நான் என்ன சொல்ல முடியும்? அவர் எத்தனை வருஷமாக ஓடுகிறார், நான் நேற்று ஓட ஆரம்பித்தவள். நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. இருந்தும் அந்த வாரம் பூராவும் நான் வைத்த குழம்பு ஒன்றிலும் உப்பு சரியாக விழவில்லை. அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வீட்டில் உன் சத்தம் மட்டும்தான்.

பந்தயத்தன்று காலையில் அவர் அரைக்கால் சட்டை போட்டு, வெள்ளைத் துணியில் எழுதின நம்பரை நெஞ்சில் குத்திக்கொண்டு புறப்பட்டார். பெண்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்று மஞ்சள் துணியில் நம்பர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். என்னுடையது அலமாரியில் மடித்தபடி கிடந்தது. தினமும் அவர் மில்லுக்குப் போகும்போது செய்வதுபோல, உன்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, உன் கையைப் பிடித்து டாட்டா காட்டினேன். அவர் தெருமுனை வரைக்கும் போனார். திரும்பிப் பார்த்தார். நின்றார். அப்புறம் திரும்பி வந்தார். வரும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது. நெஞ்சிலிருந்த நம்பரைப் பிடுங்கித் திண்ணையின்மேல் போட்டுவிட்டு, "உன் நம்பர எடுத்துக் குத்திக்கோ. நேரமாவுது" என்றார்.

"ஏன், இன்னா ஆச்சு?"

"இன்னா ஆவணும்? புள்ள என்கிட்டயும்தான இருப்பான்? குடு இங்க."

அவ்வளவுதான். என்னைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து, உன்னை முன்னால் கம்பியில் கட்டின சின்ன சீட்டில் வைத்துக் கடற்கரைக்கு மிதித்தார். வழியெல்லாம் எதிரில் வந்த நாய், மாடு, ரிக்‌ஷா எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே வந்தார். தியாகம் செய்கிறவர்கள் முகம் சாந்தமாக இருக்கும் என்று கதைகளில் எழுதுகிறார்கள். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

பெண்கள் பந்தயத்துக்கு வந்தவர்களில் முக்கால்வாசி கான்வென்ட் பிள்ளைகள். வெள்ளைச் சீருடை, சாக்குக்கட்டி தேய்த்த கேன்வாஸ் ஷூ. நான் உன் அப்பாவின் பழைய பேன்ட்டை வெட்டித் தைத்துப் போட்டிருந்தேன், மேலே முழுக்கைச் சட்டை, பின்னலில் பூ, வெறுங்கால். தாலியைச் சட்டைக்குள் ஊக்கால் குத்தியிருந்தேன். என்னை ஏதோ பிள்ளையைக் கொண்டுவந்து விட வந்த அம்மா என்று நினைத்து ஒருவர் ஓரமாகப் போகச் சொன்னார். கடற்கரைச் சாலையில் புறப்பட்டு, குருசுக்குப்பம் வழியாக வடக்கே போய், காலாப்பட்டு ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், நான் எம்மாத்திரம்? புறப்பட்டதும் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. ஆனால் கொஞ்ச தூரத்தில் மூச்சு சீராகிவிட்டது, ஒவ்வொரு பிள்ளையாகத் தாண்டினேன்.

குப்பம் தொடங்குகிற திருப்பத்தில் உன் அப்பா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அதே உம்மணாமூஞ்சி. நீ என்னைப் பார்த்துவிட்டாய். இரண்டு கையையும் நீட்டி, அம்மா என்று கூட அப்போது உனக்குச் சொல்ல வராது, ஒரு வீறிடல். தாய்ப்பால் கொடுத்தவர்களுக்குத் தெரியும், பிள்ளை அழுதால் உடம்பு தானாகக் கேட்டுவிடும். நான் உன்னைத் தாண்டி நாலு எட்டு வைப்பதற்குள் பால் சுரந்து சட்டை முன்பக்கம் பூராவும் நனைந்துவிட்டது. உன்னிடம் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் உனக்குப் புரியாது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஆம்பிளைகள். எனக்கு உயிர் போய்விட்டது. இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு ஓடினேன். கையைக் கட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் ஓடிவிட முடியும்? பின்னால் வந்த ஒரு கான்வென்ட் பெண் என்னைத் தாண்டிப் போனாள். போதும், எங்கேயாவது ஒரு படகு மறைவில் ஒதுங்கிவிடலாம் என்று ரோட்டை விட்டு இறங்கப் போனேன்.

அன்றைக்குக் குப்பத்து அம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றுகிற நாள். அது எனக்குத் தெரியாது. கோயிலுக்கு முன்னால் பெண்கள் வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக வைத்துக்கொண்டு, தீச்சட்டி எடுத்து வருகிறவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். மஞ்சள் துணி, வெறுங்கால், கலைந்த தலை, நனைந்த உடம்பு, அழுகிற முகம். பெண்களுக்குப் பந்தயம் நடக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? வாட்டசாட்டமான ஒரு மீன்காரம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடி வந்தாள். "ஏய், ஆத்தா வர்றாடி! வேண்டுதல் எடுத்துக்கினு ஓடியாறாடி! ஊத்துங்கடி தண்ணிய!" என்று கத்தினாள். காலில் ஒரு குடம். அடுத்த குடம் தலையோடு. அப்புறம் எந்தப் பக்கத்திலிருந்து யார் ஊற்றினார்கள் என்றே தெரியவில்லை. ஒருத்தி பின்னலில் வேப்பிலையைச் செருகினாள், ஒருத்தி நெற்றி பூராவும் குங்குமத்தை அப்பினாள், இன்னொருத்தி காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆவுமா தாயீ?" என்று கேட்டாள். எனக்கு வாயில் வந்தது, "ஆவும், ஆவும், வழி உடுங்க" என்பதுதான்.

குனிந்து பார்த்தேன். தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரே மஞ்சள் ஈரம். பால் எது, தண்ணீர் எது என்று இனி எவனாலும் சொல்ல முடியாது. கையை அவிழ்த்தேன். அழுகை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. குப்பத்துப் பெண்கள் பின்னால் நின்று குலவை போட, நான் ஓடினேன் பார், அந்த மாதிரி அதற்கு முன்னாலும் ஓடியதில்லை, பின்னாலும் ஓடியதில்லை. பள்ளிக்கூடத்தைச் சுற்றித் திரும்பும்போது என்னைத் தாண்டின பெண்ணைப் பிடித்துவிட்டேன். கடற்கரைச் சாலைக்கு வந்தபோது எனக்கு முன்னால் யாரும் இல்லை. ஒரு கிழட்டுச் சொல்தா தொப்பியைக் கழற்றி ஆட்டி "அலே, மதாம், அலே!" என்று கூவினது மட்டும் காதில் விழுந்தது. முதலாவதாக வந்தேன்.

மெட்ராசிலிருந்து நடுவராக வந்திருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வழியில வெளியாள் உதவி வாங்கியிருக்கீங்க. தண்ணி ஊத்தியிருக்காங்க. ரூல்ஸ்ல இடமில்ல" என்று பேரை அடித்துவிட்டார். இல்லை என்று சொல்ல முடியுமா? தலையில் வேப்பிலை. அதற்குள் உன் அப்பா குப்பத்தில் நடந்ததையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு சைக்கிளில் வந்து சேர்ந்துவிட்டார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபம் அத்தனையும் இறங்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே நடுவர் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"சார், அவங்க இவளுக்கா ஊத்துனாங்க? சாமிக்கு ஊத்துனாங்க. இவ யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. உங்க ரூல்ஸ்ல சாமிய டிஸ்குவாலிஃபை பண்ண இடம் இருக்குதா?"

சுற்றி நின்ற கூட்டம் சிரித்துவிட்டது. நடுவருக்கே உதடு துடித்தது. ஆனால் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "பாத்தா பாவமாத்தான் இருக்கு, ஆனா ரூல் ரூல்தாம்பா" என்று, இரண்டாவதாக வந்த கான்வென்ட் பெண்ணுக்கு முதல் பரிசைக் கொடுத்தார். ஒரு எவர்சில்வர் குடம். அந்தப் பெண் நல்ல பெண், குடத்தை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து "சாரிக்கா" என்றாள். நான் அவள் கன்னத்தைக் கிள்ளி அனுப்பினேன். ஆண்கள் பந்தயத்தில் யார் முதலில் வந்தது என்று நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை. நீ என் மேல் தாவி, மஞ்சள் தண்ணீரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பால் குடிக்க ஆரம்பித்துவிட்டாய். நான் ஒரு படகு மறைவில் உட்கார்ந்திருந்தேன், அவர் மறைப்பாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். "எம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆவுமா தாயீ" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நாங்கள் மனசுவிட்டுப் பேசினோம்.

திங்கட்கிழமை மில்லில் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு ஏன் ஓடவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். பெண்டாட்டியை ஓடவிட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றேன் என்று சொன்னால் அந்தக் காலத்தில் ஆளை உயிரோடு தின்றுவிடுவார்கள். கால் வலி என்று சொல்லிவிட்டார். சொன்ன பொய் அப்படியே ஒட்டிக்கொண்டது. அடுத்த வருஷம் மில்லில் வேலைநிறுத்தம், பந்தயமே நடக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் வேறு இளவட்டங்கள் வந்துவிட்டார்கள், அவருக்கு மறுபடி இரண்டாம் இடம். அப்புறம் நிஜமாகவே முட்டி போயிற்று. முதல் பரிசு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்ததும் இல்லாமல் போனது. அதனால்தான் நம் வீட்டு ஷோகேஸில் அந்த வருஷத்துக்கு ஒன்றும் இல்லை, உனக்கும் தெரியவில்லை. இனிமேல் கேலி செய்வதாக இருந்தால் தெரிந்துகொண்டு செய்.

இதை எழுதும்போதுதான் இத்தனை வருஷம் கேட்காத ஒன்றைக் கேட்டேன். "அன்னிக்குத் தெருமுனையிலேர்ந்து ஏன் திரும்பி வந்தீங்க?" தைலத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னார், "நீ மொகத்தத் தூக்கி வச்சுக்கினு நின்னிருந்தா போயே போயிருப்பேன். நீ என்னாடான்னா சிரிச்ச மொகமா புள்ள கையப் புடிச்சு டாட்டா காட்டுன. காலு நவுரல." கேட்டாயா சங்கதியை? பிள்ளைக்கு டாட்டா காட்டும்போது எந்தத் தாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்? அது பழக்கதோஷம். மனசுக்குள் நான் அவருக்கு விட்ட சாபத்தை இந்தக் காகிதம் தாங்காது. அதை அவரிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லிவைக்காதே, இந்த வயசில் அவருக்கு எதற்கு அந்த அதிர்ச்சி.

அப்புறம் இன்னொன்றும் கேட்டேன். "வருத்தமா இல்லியா உங்களுக்கு? அது உங்க வருஷம் இல்ல?" தைலப் புட்டியை மறுபடி திறந்தார். "இருந்துச்சு. ரொம்ப நாளு இருந்துச்சு. இல்லன்னு ஏன் பொய் சொல்லணும்?" என்றார். "ஆனா ஒண்ணு. அத்தினி வருசம் ஓடுனேன், முன்னாடி போறவன் முதுகத் தவுர எதையும் பார்த்ததில்ல. ஒருத்தர் மனசார ஓடுனா எப்படி இருக்கும்னு நின்னு பார்த்தது அன்னிக்கு ஒரு நாளுதான். நீ திரும்பி வரும்போது புள்ளகூட அழுவறத நிறுத்திட்டான்."

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். தேன்மொழியிடம் அடுத்த வருஷம் ஓடு என்று நான் சொல்லமாட்டேன், அது உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அப்படியானால் அம்மா பஸ் ஏறி வந்து பாப்பாவைப் பார்த்துக்கொள்வாள், இரண்டு பேரும் ஓடலாம் என்று நீ கணக்குப் போட்டிருப்பாய். பாப்பா என்னிடம் சமர்த்தாக இருப்பாள். எனக்கு உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது, அன்றைக்கு வேறு வேலையும் இல்லை. உன் அப்பா எந்த பஸ் நல்ல பஸ் என்று விசாரித்துக்கூட வைத்துவிட்டார்.

நான் வரமாட்டேன்.

உன்மேல் கோபத்தில் சொல்லவில்லை, கண்ணு. நீ நல்ல பிள்ளை, நல்ல புருஷன், அவள் துணிமணியையும் சேர்த்து நீதான் துவைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வந்துவிட்டால் நீ ஓடப் போய்விடுவாய். உனக்கு இன்னும் எத்தனையோ ஓட்டம் இருக்கிறது. அவளுடைய முதல் ஓட்டம் ஒன்றுதான், அதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நானாக இருந்து அவளுக்கு என்ன பிரயோஜனம்? வெயில் ஏறி, கூட்டம் குறைந்து, அவளுக்கு எதற்கடா இந்த வேலை என்று தோன்றுகிற இடம் ஒன்று வரும். ஓடுகிறவன் நீ, அது எந்த இடம் என்று உனக்கே தெரியும். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நில். வயிறு எரிந்தால் எரியட்டும், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே நில். சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று உன்னிடம் யாரும் கேட்கவில்லை. அவள் வரும்போது நீ அங்கே இருந்தால் போதும்.

உன் அம்மா